மலடு யாருடைய குறை?

தமிழில் 'மலடன்' என்ற சொல்லும் உண்டு. 'மலடி' என்ற சொல்லும் உண்டு. ஆயினும், மக்கள் வழக்கில் காதில் விழுவது பெரும்பாலும் 'மலடி' என்பதே. மணமாகி ஈராண்டு மூவாண்டு கழிந்தும் மனையில் மழலை ஒலி கேளாவிடின், சுற்றத்தாரின் கண் முதலில் மருமகள் மேலேயே விழும். வளைகாப்புக்கும் தொட்டிலிடுதலுக்கும் அவளை அழைக்கத் தயங்குவர். விரதமும் வேண்டுதலும் கைமருந்தும் அவளுக்கே விதிக்கப்படும். கணவனை ஒரு சொல்லும் கேட்பாரில்லை. இவ்வழக்கு அறிவுக்குப் பொருந்துமா?

உலகச் சுகாதார நிறுவனம் மகப்பேறின்மையை ஆண் அல்லது பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைச் சார்ந்த நோய் என்றே வரையறுக்கிறது. கருத்தடை ஏதுமின்றி 12 மாதமோ அதற்கு மேலோ முறையாகக் கூடி வாழ்ந்தும் கரு உண்டாகாவிடின், அதுவே மகப்பேறின்மை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலையை அடைகின்றனர் என்று அந்நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே, இஃது ஒரு குடும்பத்தின் பாவமன்று. ஒரு பெண்ணின் விதியுமன்று.

விதையும் நிலமும்

ஆண் விதைப்பவன், பெண் விளைநிலம் என்னும் கருத்து பல நாடுகளிலும் நெடுங்காலம் நிலவியது. இவ்வுவமையை ஒப்புக்கொண்டால், விளைச்சல் இல்லாதபோது நிலத்தையே தரிசு என்று பழிக்கத் தோன்றும். அறிவியல் இவ்வுவமையைத் தகர்த்துவிட்டது. ஒல்லாந்து நாட்டு லேவன்ஹூக் 1677 ஆம் ஆண்டில் ஆணின் விந்தணுக்களை நுண்ணோக்கியிற் கண்டார். பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827 இல் பேயர் என்னும் அறிஞர் கண்டறிந்தார். விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாக இணைவதை 1876 இல் ஹெர்ட்விக் என்பவர் கடல் முள்ளெலியின் முட்டையிற் கண்டு விளக்கினார். பெண் வெறும் நிலமல்லள். விதையிற் பாதி அவளுடையது என்பது இவற்றால் தெளிவாயிற்று.

கரு உண்டாவதற்குப் பல படிகள் உள. மாதந்தோறும் சினைப்பையிலிருந்து பொதுவாக ஒரு முட்டை வெளிப்படும். அது உயிர்ப்புடன் இருப்பது ஏறத்தாழ ஒரு நாள்தான். விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிர்வாழக்கூடும். இரண்டும் கருக்குழாயிற் சந்தித்து ஒன்றாகிக் கருப்பைக்கு வந்து பதிய வேண்டும். இப்படிகளுள் ஒன்று தடைப்பட்டாலும் கரு உண்டாகாது.

காரணங்கள்

பெண்ணிடம் காணப்படும் காரணங்கள் பல: சுரப்பிகளின் கோளாற்றால் முட்டை முறையாக வெளிப்படாமை, பால்வினை நோயாலோ காசநோயாலோ கருக்குழாய் அடைபடுதல், கருப்பையின் உட்படலம் வெளியிலும் வளர்தல், வயது மிகுதல் ஆகியவை அவற்றுட் சில. ஆணிடம் விந்தணுக்கள் குறைவாக இருக்கலாம், நீந்தும் ஆற்றலற்றிருக்கலாம், அவை வரும் வழி அடைபட்டிருக்கலாம். விதைகளைச் சார்ந்த சிரைகள் புடைத்தல், பருவமடைந்தபின் வரும் பொன்னுக்குவீங்கி விதைகளைத் தாக்குதல், புகை, மிகுகுடி ஆகியனவும் தீங்கு செய்யும்.

மகப்பேறில்லாத் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறை தனித்தோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காரணமாக நிற்கிறது என்பது மருத்துவர் கூற்று. சிலரிடம் எத்துணை ஆராய்ந்தும் காரணம் புலப்படுவதில்லை.

செய்யும் தொழிலும் காரணமாகக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பயிர்களின் வேரைத் தின்னும் நுண்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த ஆலையொன்றில், தங்களுட் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்கள் ஒருவரோடொருவர் பேசி உணர்ந்தனர். 1977 ஆம் ஆண்டிற் சோதித்தபோது, பலரிடம் விந்தணுக்கள் மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ இருந்தன. அவ்வாடவர்கள் வாய்திறவாது இருந்திருப்பின், பழி அவர்தம் மனைவியர் மேலேயே நின்றிருக்கும்.

முதலிற் செய்ய வேண்டியது

ஆடவர் சோதனைக்கு அஞ்சுவது, தம் ஆண்மைக்கு இழுக்கு வருமென்று எண்ணியே. ஆண்மை வேறு, கருவாக்கும் ஆற்றல் வேறு. உடல் வலிவும் இல்லற இன்பமும் குறைவற இருந்தும் விந்தணு குறைந்தவர் உண்டு. ஆணுக்குரிய முதற் சோதனை எளியது, கத்தியுமில்லை, ஊசியுமில்லை. பெண்ணுக்கோ இரத்தச் சோதனை, ஒலியலைப் படம், கருக்குழாயை எக்ஸ்ரே எடுத்தல் எனப் பலவுண்டு. எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டு அரியவற்றையே மனைவிமேற் சுமத்துவது முறையன்று.

காலமும் கருதத்தக்கது. பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும்போதே அமைந்தவை, புதியன உண்டாவதில்லை. 35 வயதுக்குப்பின் கருவுறும் வாய்ப்பு விரைந்து குறையும். ஆதலின், 35 வயதைக் கடந்தவர்கள் ஓராண்டு காத்திராமல் ஆறு மாதத்திலேயே மருத்துவரை நாட வேண்டும். மனைவியை மட்டும் ஊர் ஊராக அழைத்துச் சென்று கழிக்கும் ஆண்டுகள் மீள்வதில்லை.

மருத்துவமும் வளர்ந்துள்ளது. கருக்குழாய் அடைபட்ட ஒரு தாய்க்கு, உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதற் குழந்தை இங்கிலாந்தில் 1978 இற் பிறந்தது. சிங்கப்பூரில் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் அவர்களின் குழுவினர் 1983 இல் இவ்வெற்றியைக் கண்டனர். ஒரே விந்தணுவை முட்டையினுட் செலுத்தும் முறையால் குழந்தைகள் பிறந்த செய்தி 1992 இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. விந்தணு மிகக் குறைந்த ஆடவர்க்கும் இது வழி திறந்தது. எனினும், இம்முறைகள் செலவு மிக்கவை. எல்லார்க்கும் கைகூடுவனவும் அல்ல. கைகூடாதவர் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்ப்பதும் பெற்றோர்க்குரிய பெருமையே.

பிள்ளையில்லை என்று மறுமணம் செய்த காலம் ஒன்றிருந்தது. சிங்கப்பூரில் 1961 ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்கு 1982 இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டமும் இருதாரத்தைத் தடுத்தன. ஆனால், சட்டம் நாவைக் கட்டுவதில்லை. 'மலடி' என்ற சொல் எழும் இடத்தில், "கணவரும் சோதித்துக்கொண்டாரா?" என்று ஒருவர் கேட்டாற் போதும், ஒரு பெண்ணின் தலைமேல் உள்ள சுமை பாதியாகக் குறையும். அதனைக் கேட்கும் கடமை கற்றவர்க்கு, சிறப்பாக ஆசிரியர்க்கு உண்டு.