தரையில் நின்று போரிட்டவர்கள்

பேர்ல் துறைமுகம் என்றதும் பற்றியெரிந்த போர்க்கப்பல்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1941 டிசம்பர் 7 காலையில், துறைமுகத்தில் குண்டு விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே, அதே ஓவாஹு தீவின் கிழக்குக் கரையிலிருந்த கனியோஹே கடற்படை விமானத் தளத்தை ஜப்பானிய விமானங்கள் சுடத் தொடங்கிவிட்டன. கனியோஹேயில் இருந்தவை கடாலினா என்னும் நீர்விமானங்கள். கடலின் மேல் நெடுந்தொலைவு ரோந்து சென்று எதிரிக் கப்பல்களைக் கண்டறிவது அவற்றின் வேலை. ஜப்பானியக் கப்பற்படை திரும்பிப் போகும் வழியை யாரும் தேடிவரக் கூடாதென்றால் முதலில் அவற்றை அழித்தாக வேண்டும். விமானிகள் மேலே எழும்ப அவகாசமே கிடைக்கவில்லை. அன்று அங்கே எதிர்த்துச் சுட்டவர்களில் பலர் மெக்கானிக்குகளும் ஆயுதப் பராமரிப்புப் பணியாளர்களும்தான்.

அவர்களின் துணிச்சலைப் பற்றிப் பேசும்போது அவர்களின் கைத்தொழிலை மறந்துவிடுகிறோம் என்பதே என் வாதம். ரோந்துப் படைப்பிரிவு ஒன்றின் ஆயுதப் பொறுப்பாளர் ஜான் ஃபின்னுக்கு அப்போது 32 வயது. வீட்டிலிருந்து அவர் விரைந்து வந்து சேர்ந்தபோது, அவருடைய ஆட்கள் எரியும் விமானங்களிலிருந்த துப்பாக்கிகளாலேயே சுட்டுக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்காக வைத்திருந்த தாங்கி ஒன்றில் .50 காலிபர் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தி, மறைவே இல்லாத திறந்தவெளியில் நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுட்டார் ஃபின். உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள். உயிரைத் துச்சமாக எண்ணுபவர் எவரும் அப்படி நின்றிருக்கக்கூடும். ஆனால் துப்பாக்கியை வேறொரு தாங்கிக்கு மாற்றி, சிக்கினால் சரிசெய்து, தோட்டா தீரத் தீர நிரப்பித் தொடர்ந்து இயக்க, அந்த ஆயுதத்தோடு ஆண்டுக்கணக்கில் பழகிய கை வேண்டும்.

இத்தனைக்கும் என்ன பயன் என்று கேட்கலாம். 36 கடாலினாக்களில் 33 அழிந்தன அல்லது சேதமடைந்தன. தப்பிய மூன்றும் அப்போது ரோந்தில் இருந்தவை. இந்தக் கணக்கை மறுக்க முடியாது. ஆனால் தாக்க வந்தவர்களும் இழப்பின்றித் திரும்பவில்லை. ஜப்பானிய விமானி ஃபுசாதா இய்தாவின் விமானம் தரையிலிருந்து சுட்டதில் எரிபொருள் கசிந்து அந்தத் தளத்திலேயே விழுந்து நொறுங்கியது. எஞ்சிய மூன்று கடாலினாக்கள் ரோந்திலிருந்து திரும்பி வந்தபோது அவற்றுக்கு மீண்டும் ஆயுதம் ஏற்ற ஆள் தேவைப்பட்டது. முதலுதவி பெற்று, நடக்கவே சிரமப்பட்ட நிலையிலும் ஃபின் திரும்பி வந்து அதை மேற்பார்வையிட்டார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரை 1942 செப்டம்பரில் அட்மிரல் நிமிட்ஸ் அவருக்கு அணிவித்தபோது, அந்தச் சான்றுரையில் இந்தப் பராமரிப்பு வேலையும் இடம்பெற்றிருந்தது. அது இடம்பெற்றதுதான் நியாயம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வீரத்தைப் போற்றும் சத்தத்தில் தலைமையின் தவறு மறைந்துபோகும் என்பார்கள். நவம்பர் 27 அன்றே வாஷிங்டனிலிருந்து போர் எச்சரிக்கை வந்திருந்தது. அப்படியிருந்தும் ஒரு விமானத் தளத்தைக் காக்கப் பயிற்சித் தாங்கியைத் தேடி ஓட வேண்டியிருந்தது என்றால், அந்தப் பழி மேலிடத்தில் இருந்தவர்களுடையது. அதை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்காக எரியும் விமானத்துக்குள் இருந்து சுட்டவர்களின் பங்கைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நம்மை வந்தடையவில்லை.