கல்லூரி வகுப்பிலிருந்து கிராமத்துத் திண்ணைக்கு

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளில் விதைப்பும் நடவும் மும்முரமாகின்றன. பயிர்க்கடன் நாடி உழவர்கள் நம் கிளைகளுக்கு வருவதும் அப்போதுதான். அதே மாதங்களில்தான் பாம்புக்கடியும் பெருகுகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்கள்; கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத சிறார். பெரும்பாலான மரணங்கள் மருத்துவமனையில் அல்ல, கிராமத்து வீடுகளிலேயே நிகழ்ந்துள்ளன. இந்தக் கடைசிச் செய்திதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது.

மருந்து உண்டு, அது சேர்வதில்லை

பாம்புக்கடி மருந்தில்லாத நோயன்று. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. தமிழகத்தின் எளிய மக்களுடைய உழைப்பு நாடு முழுவதும் உயிர் காக்கிறது என்பது நமக்குப் பெருமை.

ஆயினும் கடிபட்டவர் உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தால்தான் மருந்து பயன்படும். கட்டு விரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் தரையில் உறங்குவோரை அது கடிக்கிறது. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. விடியலில் வயிற்றுவலி, இமை சரிதல், பேச்சுக் குழறல் எனத் தொடங்கி மூச்சுத் திணறலில் முடியக்கூடும். அஜீரணம் என்றெண்ணிக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பம், உயிர் காக்கும் நேரத்தை அறியாமலே இழந்துவிடுகிறது. இந்த அறிகுறிகள் மருத்துவ மாணவர் அனைவரும் படித்தறிந்தவை. வகுப்பறை அறிந்ததைத் திண்ணை அறியவில்லை என்பதே நம் குறை.

வலிமை என்பது கட்டடமன்று

2014இல் 387ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் பத்தாண்டுகளில் 780ஆகப் பெருகியுள்ளன. இது பெரும் வளர்ச்சி. எனினும் கல்லூரியின் வலிமையை இருக்கைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. சுற்றியுள்ள ஊர்களில் தவிர்க்கக்கூடிய மரணங்கள் குறைந்தனவா என்பதே சரியான அளவுகோல்.

இதற்கு முன்மாதிரி உண்டு. மகாராஷ்டிர மாநிலம் வார்தாவை அடுத்த சேவாகிராமில் 1969இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், ஒவ்வோர் ஆண்டு மாணவர் அணியும் ஒரு கிராமத்தைத் தத்தெடுக்கிறது. மாணவர்கள் அங்கே முகாமிட்டுத் தங்கி மக்களோடு பழகுகின்றனர். அண்மைக் காலத்தில் தேசிய மருத்துவ ஆணையமும், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்துள்ளது.

இரத்த அழுத்தம் பார்த்துப் படிவம் நிரப்புவதோடு இத்திட்டம் நின்றுவிடலாகாது. மழைக்கு முன்பே மாணவர் அக்குடும்பத்தோடு அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது? நள்ளிரவில் யாருடைய வண்டி கிடைக்கும்? வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையில் முடிவெடுப்பவர் யார்? மந்திரிப்பவரைப் பழிப்பதால் பயனில்லை. அவரையும் உடன் அமர்த்தி, கடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பும் உறுதியைப் பெறுவதே அறிவுடைமை.

கல்லூரிகள் ஆற்ற வேண்டிய பணி இன்னொன்றும் உண்டு. உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா எனப் பார்ப்பது விரியன் நஞ்சை அறிய உதவும் எளிய சோதனை. இதையும், முதல் தவணை மருந்தைத் தயக்கமின்றிச் செலுத்துவதையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தொடர்ந்து பயிற்றுவிக்க வேண்டும். பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்க 2024இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் இவ்வழியில்தான் நிறைவேறும்.

வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு பயக்கும். கை அல்லது காலை மரச்சட்டம் வைத்து அசையாமல் தாங்கி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க முயல வேண்டாம்.

ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர்களுக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, பாம்புக்கடி மரணத்துக்கும் பொருந்தும். ஆனால் காரணத்தை உறுதிசெய்யும் மருத்துவமனைப் பதிவு வேண்டும். மருத்துவமனையை நாடாமல் வீட்டிலேயே உயிர் பிரிந்தால், ஆதரவை இழந்த குடும்பம் இழப்பீடு பெறுவதும் கடினமாகிறது. ஆகவே மருத்துவமனைக்குச் செல்லும் ஒரே பயணம் இரு வகையிலும் காப்பாகிறது.

திட்டக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில், அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து உள்ளது என்பதையும் கேட்டறிந்து, வீட்டிலுள்ள அனைவரும் அறியச் சொல்லி வையுங்கள்.