பால் மரமும் நீச்சலுடையும்: ரோஸ் மேரி ரீட் தைத்த வாழ்க்கை

இன்று நீச்சல் குளத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் அணியும் உடை உடம்போடு ஒட்டி நிற்கிறது, நனைந்தாலும் கனப்பதில்லை. 90 ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படியல்ல. அப்போது நீச்சலுடைகள் பெரும்பாலும் கம்பளி நூலால் பின்னப்பட்டவை. தண்ணீரில் இறங்கியதும் நீரை உறிஞ்சிக் கனத்து, தொய்ந்து தொங்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் ரோஸ் மேரி ரீட். 1906இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் கார்ட்ஸ்டன் என்ற சிறு ஊரில் பிறந்தவர்.

பழைய கோட்டில் பிறந்த தொழில்

அவர் கணவர் ஜாக் ரீட் வான்கூவரில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். கம்பளி உடையின் தொல்லையைப் பற்றி அவர் அலுத்துக்கொள்ள, ரோஸ் மேரி ஒரு பழைய கோட்டின் கெட்டித் துணியை வெட்டி, இரு பக்கமும் கயிறு கோத்து இறுக்கும்படி நீச்சல் காற்சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். கணவர் அதை ஹட்சன்ஸ் பே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது, பெண்களுக்கும் உடை கேட்டார்கள். 1930களின் பிற்பகுதியில் வான்கூவரில் தொழிற்சாலையே தொடங்கிவிட்டது.

1946இல் கணவரைப் பிரிந்த பிறகு, மூன்று பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு பங்காளியுடன் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1950களில் அமெரிக்காவின் பெரிய நீச்சலுடை நிறுவனங்களில் அதுவும் ஒன்றாக வளர்ந்தது. ரீட்டா ஹேவொர்த், மர்லின் மன்றோ போன்ற நடிகைகள் அவர் உடையை அணிந்தார்கள். 1955இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் அவரை அவ்வாண்டின் சிறந்த பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

உடம்புக்கு ஏற்ற அளவு

நடிகைகளுக்குத் தைத்ததைவிட, சாதாரணப் பெண்களை மனத்தில் வைத்துத் தைத்ததுதான் அவருடைய வெற்றிக்குக் காரணம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இளம் பெண்ணுக்கும் ஒரே வெட்டு பொருந்தாது என்பது ரவிக்கை தைக்கும் எவருக்கும் தெரியும். அவர் நீச்சலுடையை வழக்கமான கவுன் போலப் பல அளவுகளில் தயாரித்தார். உள்ளேயே கச்சு வைத்தார். வயிற்றை இழுத்துப் பிடிக்கும் பட்டை வைத்தார். கால் ஓரம் மேலே ஏறாதபடி வெட்டினார். இவற்றில் பலவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார்.

நம் தோட்டத்தின் பங்கு

இழுபட்டு மீளும் துணி வந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. 1931இல் அமெரிக்காவில் 'லாஸ்டெக்ஸ்' என்ற நூல் அறிமுகமானது. ரப்பர் பாலிலிருந்து எடுத்த மெல்லிய இழையின் மேல் பருத்தி, பட்டு போன்ற நூலைச் சுற்றிச் செய்தது அது. அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு மலாயா. விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவில் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. இழுபடும் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியாக் கடற்கரையின் அழகுக்கும் தோட்டத்து வாளிக்கும் இருந்த தொடர்பு அவ்வளவு நெருக்கமானது.

விட்டுக்கொடுக்காத முடிவு

1946இல் பாரிசில் லூயி ரெயார் பிக்கினியை அறிமுகப்படுத்தினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையும் அதைக் கேட்கத் தொடங்கியது. மோர்மன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுள்ள ரோஸ் மேரிக்கு அதில் உடன்பாடில்லை. பிக்கினி தைக்க மறுத்து, தன் பெயரையே தாங்கிய நிறுவனத்தை விட்டு விலகினார். 1978இல் காலமானார்.

சந்தை அவர் வழியில் போகவில்லை. ஆனால் உடம்பை உடைக்கேற்ப வருத்தாமல், உடையை உடம்புக்கேற்ப வெட்ட வேண்டும் என்ற அவர் முறை நிலைத்துவிட்டது. அடுத்த முறை பிள்ளைக்கு நீச்சலுடை வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அந்தப் பட்டையும் தையலும் அங்கே இருக்கும்.