பணி முடித்து நீங்கும் தூதுவர்

காஞ்சிபுரத்தை அடுத்து ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. திருமழிசையாழ்வாரின் மாணாக்கரான கணிகண்ணரைப் பல்லவ மன்னன் நாட்டைவிட்டு அகலுமாறு பணித்தான். ஆழ்வாரும் அவருடன் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை' எனப் பெயர் பெற்றுப் பின்னர் ஓரிக்கை என மருவியது என்பது தலவரலாறு. சிறிது காலமே தங்கி அகலும் இத்தகைய இருக்கை உடலினுள்ளும் உண்டு. குருதியில் ஹார்மோன்கள் கொள்ளும் இருக்கையே அது.

ஹார்மோன் என்பது ஓர் உறுப்பினின்றும் மற்றோர் உறுப்புக்கு ஏவலைக் கொண்டு செல்லும் தூதுவன். ஓரிக்கையில் நெசவாளர் நெய்யும் பட்டின் பின்னும் அத்தகைய தூதுவன் ஒருவன் உளன். பட்டுப்புழு கூட்டுப்புழுவாக மாறுவது எக்டைசோன் என்னும் ஹார்மோனின் ஏவலாலேயே ஆகும். 1954ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களாகிய பூட்டனான்ட், கார்ல்சன் என்னும் இருவர், 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தனர். அது ஸ்டீராய்டு இனத்தைச் சார்ந்தது என்பது 1965இல் தெளிவாயிற்று. மனிதர், குரங்கு ஆகியோரின் அட்ரீனல் சுரப்பியிலும் இனப்பெருக்க உறுப்புகளிலும் தோன்றும் ஹார்மோன்கள் பலவும் அவ்வினத்தனவே.

இதே பூட்டனான்ட் 1931இல், 15,000 லிட்டர் ஆண்களின் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆன்ட்ரோஸ்டீரோன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். அது பெரிதும் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் சிதைந்தபின் எஞ்சும் பொருளாகும். டெஸ்டோஸ்டீரோனோ 1935இல்தான் கண்டறியப்பட்டது. தூதுவனைக் காணுமுன் அவன் விட்டுச்சென்ற அடிச்சுவட்டையே அறிஞர் கண்டனர்!

அத்தூதுவனைச் சிதைப்பவை யாவை? நொதிகள் என்னும் புரதப் பொருள்களே. ஸ்டீராய்டு கொழுப்பின் தன்மையது. நீரில் எளிதிற் கரையாது. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் நீரால் போகுமா? சீயக்காய் வேண்டுமல்லவா? அதுபோல ஹார்மோனை நீரோடு செல்லத்தக்கதாக்கும் வேலையைக் கல்லீரல் ஏற்கிறது. அங்குள்ள ஒருவகை நொதிகள் ஹைட்ரஜனைச் சேர்த்து ஹார்மோனின் வலிமையை அடக்குகின்றன. வேறுவகை நொதிகள் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதனுடன் பிணைக்கின்றன. இப்போது அது நீரில் கரையும். பெரும்பகுதி சிறுநீரோடும், ஒரு பகுதி பித்தநீர் வழியாக மலத்தோடும் வெளியேறும்.

அச்சம் நேருங்கால் சுரக்கும் கார்ட்டிசால், குருதியில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அது குறையாது நெடுங்காலம் மிகுந்தே நிற்குமாயின் குருதியில் சர்க்கரை மிகும், தசை மெலியும், எலும்பு வலுவிழக்கும். நொதிகள் அளவுக்கு மேல் விரைந்து உழைப்பினும் கேடே. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து கல்லீரல் நொதிகளைப் பெருக்கும். ஆதலின், ஸ்டீராய்டு மருந்தையும் உடன் உண்ணும் நோயாளர்க்கு மருத்துவர் அதன் அளவைக் கூட்ட வேண்டியதாகிறது.

சிறுநீரகத்தில் காவலன் போன்ற நொதி ஒன்று உண்டு. உப்பைக் காக்குமாறு ஏவுவது ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனின் பணி. அதன் வாயிலில் கார்ட்டிசாலும் நுழைய வல்லது. இந்நொதி கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றி அதனைத் தடுக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் என்னும் பொருள் இக்காவலனை முடக்கும். அதிமதுரத்தை மிகுதியாகப் பலநாள் உண்டால் உடலில் உப்புத் தங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் உயரும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் முதுமொழிக்கு இஃது ஒரு சான்று.

மனிதரையும் குரங்குகளையும் விலங்கியலார் முதனிகள் என்னும் ஒரே வரிசையில் வைப்பர். எனினும் ஹார்மோனைச் சிதைக்கும் முறை எல்லா முதனிகளிடத்தும் ஒன்றன்று. புரோஜெஸ்டீரோன் என்னும் ஹார்மோன் மனிதரிடத்தில் பெரும்பாலும் பிரக்னேன்டையாலாக மாறி வெளியேறும். மக்காக் குரங்குகளிலோ அப்பொருள் சிறுபகுதியே. காஞ்சிக் கோயில்களில் திரியும் நாட்டுக்குரங்கும், ஆனைமலைச் சோலைகளில் வாழும் சோலைமந்தியும் மக்காக் குரங்குகளே.

காடுகள் துண்டுபட்டுப்போனமையால் சோலைமந்தி அழியும் நிலையை எய்தியுள்ளது. அது அஞ்சி நலிகின்றதா, இனம் பெருக்கும் நிலையில் உள்ளதா என அறிதல் வேண்டும். குருதி எடுப்பதற்காக அதனைப் பிடித்தால், அப்பிடித்தலே அச்சத்தை விளைத்துவிடும். ஆகவே ஆராய்ச்சியாளர் அதன் எச்சத்தைத் திரட்டி, அதிலுள்ள ஹார்மோன் சிதைவுகளை அளந்து காண்கின்றனர். ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தார் இம்முறையைக் கையாள்கின்றனர். கழிவு எனத் தள்ளப்பட்டது, வாய்பேசா உயிரின் துன்பத்தை உரைக்கும் ஓலையாகிறது.

ஏவல் பிறப்பது எத்துணை இன்றியமையாததோ, அஃது உரிய காலத்தில் ஓய்வதும் அத்துணை இன்றியமையாதது. ஓயாத மணியோசையில் அடுத்த மணியின் ஒலி கேளாது. முன்னைய ஏவலை அகற்றி அடுத்த ஏவலுக்கு இடம் செய்யும் நொதிகள், கண்ணுக்குப் புலப்படாமல் இரவும் பகலும் உழைத்து உடலின் ஒழுங்கைக் காக்கின்றன.