இருபது டாலர் கத்தி போதும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆண்டுதோறும் தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். ஒன்பது நாள் நடக்கும். உரிமம் வாங்குகிறவர்கள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். லாரி ஓட்டுகிறவர், பல் மருத்துவர், பேரனைக் கூட்டிவரும் தாத்தா என்று எல்லாரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மான் மேல் கைவைத்தால் சிறை. அங்கே அது அரசு கணக்குப் போட்டு உரிமம் கொடுத்து நடத்துகிற காரியம். கிடைத்த மானைக் கறியாக்கி ஃப்ரீசரில் அடுக்கினால் ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் ஓடும்.

கறியாக்கும் முன் தோலை உரிக்க வேண்டுமே. அதற்குக் கத்தி வாங்கக் கடைக்குப் போகிறவர்தான் பாவம். இருபது டாலருக்கும் கத்தி இருக்கும், முந்நூறு டாலருக்கும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எஃகுக்கு வைத்திருக்கும் பெயர்களோ மோட்டார் உதிரிபாக எண்களைப் போல இருக்கும்.

விலையைப் பேசுமுன் வேலையைப் பார்த்துவிடலாம். மானின் பின்னங்கால்களை ஒரு கம்பியில் விரித்து மாட்டித் தொங்கவிடுகிறார்கள். கால் மூட்டைச் சுற்றி வளையமாக ஒரு கீறல். அங்கிருந்து தொடையின் உட்புறமாக நெடுக ஒரு கீறல். கைப்பழக்கம் தெரிகிற இடம் இதுதான். கத்தியின் வாயை மேல்நோக்கித் திருப்பித் தோலுக்கு அடியில் நுழைத்து, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். வெளியிலிருந்து அறுத்தால் மயிர் துண்டுதுண்டாகிக் கறியில் ஒட்டிக்கொள்ளும். மயிரில் படிந்த மண் கத்தி வாயைத் தின்றுவிடும். ஒரு மான் முடிவதற்குள் கத்தி மழுங்கிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் செய்வது இந்தத் தப்பைத்தான்.

கீறல் போட்ட பிறகு கத்திக்கு வேலை குறைவு. உடல் சூடு ஆறுமுன் இரண்டு கையாலும் தோலைப் பற்றிக் கீழே இழுத்தால் ஈரச் சட்டையைக் கழற்றுவது போல வந்துவிடும். அடம்பிடிக்கும் இடத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை வைத்து அழுத்துவார்கள். நம் ஆட்டுக்கறிக் கடைகளிலும் அதே கைதான். வெள்ளைச் சவ்வு இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் கத்தியின் வளைந்த பாகத்தால் இலேசாக வருடினால் சவ்வு விட்டுக்கொடுக்கும்.

ஆக, மானுக்கு மூன்று நான்கு அங்குல அலகு தாராளம். வளைவு வேண்டும், கனம் வேண்டாம். முனை மேலே தூக்கி நின்றால் குடலைக் குத்தும். குடல் கிழிந்தால் கறி நாறும். அதனால்தான் கத்தியின் முதுகு முனையை நோக்கிச் சரிந்து இறங்கும் அமைப்பு வேட்டைக்காரர்களிடம் நிலைத்தது. ‘டிராப் பாயின்ட்’ எனப்படும் அதைப் பிரபலமாக்கியவர் பாப் லவ்லெஸ். 2010இல் மறைந்த அவருடைய கத்திகளைச் சேகரிப்பாளர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால், கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அவர் செய்த முதல் கத்தி, பழைய இரும்புக் கடையில் எடுத்த பேக்கார்டு காரின் ஸ்பிரிங்கிலிருந்து வந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சித் தட்டும் திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறைக்காரருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

விலை எங்கே ஏறுகிறது? பெரும்பாலும் எஃகில். 2001இல் வந்த எஸ்30வி போன்ற எஃகில் வனேடியம் கார்பைடு துகள்கள் நிறைய இருக்கும். அதனால் கூர் நெடுநாள் நிற்கும், பொய்யில்லை. ஆனால் அந்தத் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கடினமானவை. மழுங்கிய பிறகு அந்தக் கல்லில் தேய்த்தால் கை நோகுமே தவிர வாய் லேசில் ஏறாது. வைரத்தூள் பதித்த தகடு வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு மான், அதிகம் போனால் இரண்டு மான் உரிக்கிறவருக்கு இவ்வளவு நீண்ட கூர் எதற்கு என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

நாள் முழுக்கத் தோலுரிப்பதே பிழைப்பாக உள்ளவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இறைச்சிக்கூடங்களில் புழங்குவது விக்டோரினாக்ஸ், டெக்ஸ்டர்-ரஸ்ஸல் போன்ற பிளாஸ்டிக் பிடிக் கத்திகள். எஃகு கொஞ்சம் மெத்தென்றிருக்கும். இடுப்பில் தொங்கும் தீட்டுக்கோலில் இரண்டு இழுப்பு இழுத்தால் வாய் மறுபடி நிமிர்ந்துவிடும். டெக்ஸ்டர்-ரஸ்ஸலின் ஒரு வேர் 1834இல் மாசசூசெட்ஸில் ஜான் ரஸ்ஸல் தொடங்கிய பட்டறை. ‘கிரீன் ரிவர்’ என்று பெயர் பொறித்த அதன் கத்திகள் விலங்குத்தோல் வியாபாரிகளோடு மேற்கே போனவை. அந்தக் காலத்திலும் அது ஆடம்பரச் சரக்கு அல்ல.

என்னைக் கேட்டால் ஸ்வீடனின் மோராவைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன், 1891இல் மோரா அருகே மரம் இழுக்கும் சறுக்குவண்டிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கத்தி அங்கே பக்கத் தொழில். பிறகு அதுவே முழுத் தொழிலாகிவிட்டது. இன்றைய ‘கம்பானியன்’ மாதிரியின் அலகு சுமார் 10 சென்டிமீட்டர், கனம் 2.5 மில்லிமீட்டர். பிடி ரப்பர் பூசியது. இரத்தமும் கொழுப்பும் பட்டாலும் வழுக்காது. வாயின் இருபுறச் சரிவும் அகலமாக, தட்டையாக இருக்கும். கல்லில் அப்படியே படுக்கவைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும்; தீட்டத் தெரியாதவர்கூடக் கற்றுக்கொள்ளலாம். குறை இல்லாமல் இல்லை. அலகின் வால் பிடியின் கடைசிவரை போவதில்லை. அதனால் மூட்டை நெம்பவோ, எலும்பில் வைத்து மரக்கட்டையால் அடிக்கவோ கூடாது.

இன்னொரு வகை, அறுவை மருத்துவரின் கத்திபோல அலகை மாற்றிக்கொள்ளும் ஹவலான். கூருக்கு ஈடே கிடையாது. மூட்டில் சற்றே திருகினால் படக்கென்று முறியும். முறிந்த துண்டைக் கறிக்குள் தேட வேண்டும். அலகை மாற்றும்போது விரலை அறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. சிறுவர்களை அழைத்துப்போகும் முகாமுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

விஸ்கான்சினில் கத்தி வாங்குகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் நாள்பட்ட மெலிவு நோய் 2002இல் அங்கே கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாதீர்கள், கையுறை போடுங்கள் என்கிறார்கள். நோய்க்குக் காரணமான பிரியான் புரதம் கொதிநீருக்கு மசியாது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டு பிளீச்சை 40 சதவீதக் கரைசலாக்கி அதில் 5 நிமிடம் ஊறவைத்தபோது ஸ்டெயின்லெஸ் கம்பிகளில் இருந்த பிரியான் செயலிழந்தது. இரண்டு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர். சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் பிளீச் அதற்குள் இறங்காது. எனவே முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

இதனால் கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸா என்ற பழைய சண்டை இங்கே தீர்ந்துவிடுகிறது. கார்பன் எஃகு சுலபமாகக் கூர் ஏறும். ஆனால் இரத்தத்தின் உப்பே அதைத் துருப்பிடிக்க வைக்கும், பிளீச்சில் போட்டால் குழிகுழியாகிவிடும். ஸ்டெயின்லெஸ் தாங்கும். அதையும் 5 நிமிடம் ஆனதும் எடுத்துக் கழுவித் துடைத்துவிட வேண்டும். மரப்பிடியும் மான்கொம்புப் பிடியும் படத்துக்கு அழகு. அவற்றின் இடுக்கில் கொழுப்பு புகுந்தால் வெளியே எடுக்க முடியாது.

முந்நூறு டாலர் கையில் இருந்தால் அதை ஒரே கத்தியில் போடாதீர்கள். மோரா இரண்டு வாங்கலாம், வேறு வேறு நிறப் பிடியில். ஒன்று மயிரும் மண்ணும் உள்ள தோலுக்கு, இன்னொன்று உரித்த பிறகு கறிக்கு. இரு பக்கச் சாணைக்கல் ஒன்று, ஒரு தீட்டுக்கோல், ஒரு பெட்டி கையுறை. அப்புறமும் மீதி இருக்கும். அதில் மானைத் தொங்கவிட நல்ல கப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எடை அறுபது எழுபது கிலோவைத் தாண்டும், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.