பழைய பெட்ரோல் வண்டியில் நாக்கிங்: காரணம் கண்டு சரிசெய்யும் வழி

பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்குவது போன்ற ஓசை இன்ஜினுக்குள்ளிருந்து வந்தால் அதுதான் நாக்கிங். லேசாகக் கேட்டால் அதையே பிங்கிங் என்பார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஓசை நின்றுவிடும். அதனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஓசை எழும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனின் தலைப்பகுதி அடி வாங்குகிறது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800, பழைய புல்லட் போன்ற வண்டிகளில் இந்தக் கோளாறின் மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எளிதில் பார்க்கக்கூடியதை முதலிலும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தால் போதும்.

சிலிண்டருக்குள் நடப்பது

பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்பே பிளக்கில் தீப்பொறி விழுகிறது. கலவை ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் அருகில் பற்றிய தீ படிப்படியாகச் சிலிண்டரின் மறுகோடி வரை பரவுகிறது. தீ பரவும்போது அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. மறுகோடியில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை அந்த அழுத்தத்தில் நசுங்கிச் சூடேறுகிறது. தீ வந்து சேருமுன் அந்தக் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் அது ஒரே அடியாக எரிந்து அழுத்த அலையை எழுப்புகிறது. அந்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதித் திரும்புவதே காதில் விழும் ஓசை. கார் இன்ஜின்களில் அந்த அதிர்வு பெரும்பாலும் நொடிக்கு 6,000 முதல் 7,000 தடவை வரை இருக்கும்.

பிஸ்டனையும் ஹெட்டையும் ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று இருக்கிறது. எரியும் வாயுவின் சூடு உலோகத்தை நேரடியாகத் தாக்காமல் காப்பது அதுதான். நாக்கிங்கின் அழுத்த அலை அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. பிஸ்டன் விளிம்பு அரிக்கப்படுவது, ரிங்குகளைத் தாங்கும் பகுதி உடைவது, ஹெட் கேஸ்கெட் போவது எல்லாம் இதன் தொடர்ச்சி. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் ஏற்கெனவே சேதமடையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதையொத்த இன்னொரு கோளாறும் உண்டு. கனலும் கார்பன் துணுக்கோ அளவுக்கு மீறிச் சூடான பிளக்கோ, தீப்பொறி விழுமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடுவது. இது நாக்கிங்கைவிட விரைவாக இன்ஜினை அழிக்கும். சாவியை அணைத்த பிறகும் கார்புரேட்டர் இன்ஜின் சில நொடிகள் குலுங்கி ஓடினால், உள்ளே இப்படிக் கனலும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆக்டேன் சொல்வது

பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவே ஆக்டேன் எண். 1920-களின் பிற்பகுதியில் கிரகாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கான அளவுகோலை வகுத்தார். எளிதில் பற்றாத ஐசோ-ஆக்டேனுக்கு 100, உடனே பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1921-இல், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் அடங்குவதை ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்திருந்தார். ஈயத்தின் நச்சு தெரிந்தும் பல பத்தாண்டுகள் உலகம் அதையே எரித்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது.

ஈயம் போனதால்தான் பழைய வண்டிகள் நாக்கிங் செய்கின்றன என்ற பேச்சு உண்டு. அது சரியல்ல. முன்பு 88 ஆக்டேனாக இருந்த சாதாரணப் பெட்ரோல் பின்னர் 91 ஆனது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் அது 95 வரை வந்திருக்கிறது. அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின், இரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட் ஆகியவற்றின் அழுத்த விகிதம் 8-க்கும் குறைவு. அவற்றுக்கு இந்த ஆக்டேன் தாராளம். ஆகவே, கலப்படமில்லாத பெட்ரோலிலும் இத்தகைய வண்டி நாக்கிங் செய்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இன்ஜினைத்தான். விலை கூடிய பெட்ரோல் ஓசையை மறைக்கலாம். மூலக் கோளாறு அப்படியே இருக்கும்.

ஓசையை உறுதிசெய்தல்

எல்லாத் தட்டலும் நாக்கிங் அல்ல. நாக்கிங் சூடான இன்ஜினில், குறைந்த அல்லது நடுத்தர வேகத்தில், சுமை ஏறும்போது மட்டும் வரும். நிறுத்தி வைத்த வண்டியில் நியூட்ரலில் கேட்கும் சீரான டிக்-டிக் பெரும்பாலும் டாப்பெட் ஓசை. குளிர்ந்த இன்ஜினில் கேட்டுச் சூடேறியதும் மறைந்தால் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் தட்டுவதாக இருக்கலாம். கனமான, ஆழமான தட்டல் கனெக்டிங் ராடு பேரிங்கைக் காட்டும். அது கேட்டால் வண்டியை ஓட்டவே கூடாது. சைலன்சரின் தளர்ந்த தகடும், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசியும் புகையும்கூட நாக்கிங் போலவே ஒலிக்கும். டீசல் இன்ஜினின் தட்டல் வேறு வகை. இங்கே சொல்லும் சோதனைகள் அதற்குப் பொருந்தா.

உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், நாக்கிங்கும் குறையும். மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையேறத் தொடங்கும்போது வந்த ஓசை உதகையில் கேட்கவில்லை என்றால் கோளாறு தீர்ந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது.

முதலில் பெட்ரோல்

பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியின் டேங்க்கில் உள்ள பெட்ரோல் கெட்டிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஈரம் சேர்ந்தால் எத்தனால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். மேலே எஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துவிடும். அப்படிப்பட்ட டேங்க்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றிப் புதிய பெட்ரோல் நிரப்ப வேண்டும். மண்ணெண்ணெய்க் கலப்படமும் ஆக்டேனைப் பெரிதும் குறைக்கும். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நல்ல பெட்ரோல் கறை விடாமல் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிடும்.

புதிய பெட்ரோலுடன் ஓட்டும் முறையையும் கவனிக்க வேண்டும். டாப் கியரில் வேகம் குறைந்த பிறகும் கியரை இறக்காமல் அழுத்தினால் நல்ல இன்ஜினும் நாக்கிங் செய்யும்.

அடுத்து சூடு

கலவை தானாகப் பற்றுவதற்குச் சூடு பெருங்காரணம். ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றிவந்த வண்டிகளில் குழாய்களுக்குள் உப்புப் படிந்து அடைத்திருக்கும். ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்க்கும்போது சில இடம் சூடாகவும் சில இடம் குளிர்ந்தும் இருந்தால் அடைப்பு உறுதி. இந்தச் சோதனையை இன்ஜினை நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகே செய்ய வேண்டும். ஃபேன் பெல்ட்டின் தளர்வு, வாட்டர் பம்ப்பின் கசிவு, தெர்மோஸ்டாட் திறக்காமை, ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்காமை ஆகியவற்றையும் பார்த்து, கூலன்ட்டைச் சரியான விகிதத்தில் நிரப்ப வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

டைமிங்

பழைய வண்டியில் அதிகம் காணப்படும் காரணம் டைமிங் அட்வான்ஸ் ஆகியிருப்பது. தீப்பொறி தேவைக்கு முன்னதாக விழுந்தால் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்தை நெருங்கிவிடும். பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் முதலில் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும். டைமிங் தானாகவே அட்வான்ஸ் ஆகும். ஆகவே இடைவெளியை வைக்காமல் டைமிங்கைப் பார்ப்பது வீண்.

பிறகு இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் ஓடவிட்டு, வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைக்க வேண்டும். டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டிப் புல்லியின் குறியைப் பார்த்தால் எத்தனை டிகிரி என்பது தெரியும். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவே இறுதியானது. டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசையிலேயே உடலைத் திருப்பினால் டைமிங் ரிடார்ட் ஆகும். எதிர்த்திசையில் திருப்பினால் அட்வான்ஸ் ஆகும்.

ஐடிலில் சரியாக இருப்பது மட்டும் போதாது. வேகத்தைக் கூட்டும்போது குறி சீராக நகர்ந்து, மேனுவல் சொல்லும் எல்லையில் நிற்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அட்வான்ஸ் வெகு சீக்கிரம் ஏறிவிடும். பழைய வண்டிகளில் ஐடில் டைமிங் சரியாக இருந்தும் சாலையில் நாக்கிங் கேட்பதற்கு இது பெரும்பாலும் காரணம். ரப்பர் நடுவில் வைத்த புல்லிகளில் வெளி வளையம் நழுவியிருந்தால் குறியே பொய் சொல்லும். முதல் பிளக்கைக் கழற்றிப் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தையும் குறியையும் ஒப்பிட்டு இதை அறியலாம்.

ஓசையை அடக்குவதற்காகவே டைமிங்கை மேனுவல் அளவுக்குக் கீழே இழுத்து வைப்பது தீர்வாகாது. இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், இன்ஜினும் எக்ஸாஸ்ட்டும் சூடேறும். எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் நாக் சென்சாரும் உள்ள வண்டிகளில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ தானே டைமிங்கைக் குறைத்துக்கொள்ளும். அவற்றிலும் ஓசை தெளிவாகக் கேட்டால் சென்சாரையும் அதன் ஒயரையும் சோதிக்க வேண்டும்.

கலவை

பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை நாக்கிங்கைத் தூண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் எத்தனால் கலந்த பெட்ரோலில், அளவு மாறாத ஜெட் வைத்த கார்புரேட்டர் இயல்பாகவே சற்றுக் காற்று மிகுந்த கலவையைத் தரும். ஏற்கெனவே ஜெட் அடைத்தோ, மிதவை மட்டம் தாழ்ந்தோ, பெட்ரோல் பம்ப் பலவீனமாகவோ இருந்தால் கலவை இன்னும் மெலிந்துவிடும். கார்புரேட்டரின் அடியிலோ மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ வெடித்த வேக்குவம் குழாயிலோ காற்று உள்ளே புகுந்தாலும் இதே விளைவுதான். ஐடில் நிலையில்லாமல் ஏறி இறங்குவது அதன் அடையாளம். எத்தனால் பழைய ரப்பர் பாகங்களை உப்பவும் வெடிக்கவும் செய்யும் என்பதால் குழாய்களையும் டயாஃப்ரத்தையும் அதற்கேற்றவையாக மாற்றுவது நல்லது.

பிளக்கும் கார்பனும்

ஒவ்வொரு பிளக்கையும் கழற்றிச் சிலிண்டர் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். பீங்கான் லேசான காப்பி நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அல்லது பிளக் மிகைச் சூடாகிறது. ஈரக் கறுப்பாக இருந்தால் ஆயில் மேலேறுகிறது. பிளக்கின் வெப்ப அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது விரைவில் குளிரும் வகை. பாஷ் பிளக்கில் நேர்மாறு. எண்ணை மட்டும் ஒப்பிட்டு மாற்றும்போது தவறான பிளக் எளிதில் உள்ளே போய்விடும்.

இதுவரை பார்த்த எல்லாம் சரியாக இருந்தும் ஓசை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். மேனுவல் அளவைவிட அதிகமாகக் காட்டினால், பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கார்பன் தடித்துச் சிலிண்டரின் மேல் இடத்தைக் குறைத்திருக்கலாம். அந்தக் கார்பன் சூட்டையும் பிடித்து வைக்கும். நகரத்துக்குள் மெதுவாகவே ஓடிய வண்டிகளிலும், தேய்ந்த ரிங், வால்வு கைடு வழியாக ஆயில் எரிக்கும் வண்டிகளிலும் இது அதிகம். லேசான படிவுக்கு நல்ல ஃபியூயல் கிளீனரும் நெடுஞ்சாலையில் சற்று நீண்ட ஓட்டமும் உதவும். தடித்த படிவுக்கு ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அலுமினியத்தைக் கீறாத கருவியால் சுரண்டி, வால்வுகளைக் கிரைண்ட் செய்து, புதிய கேஸ்கெட்டுடன் போல்ட்டுகளை உரிய வரிசையிலும் அளவிலும் முறுக்க வேண்டும். ஆயில் ஏறும் வழியை அடைக்காமல் கார்பனை மட்டும் எடுத்தால் அது மீண்டும் படியும்.

முந்தைய ஓவராலில் ஹெட்டை லேத் பட்டறையில் அதிகமாகச் சீவியிருந்தாலும், மெல்லிய கேஸ்கெட் போட்டிருந்தாலும் அழுத்த விகிதம் நிரந்தரமாகக் கூடியிருக்கும். தடித்த கேஸ்கெட்டோ வேறு ஹெட்டோ போடுவதே அதற்கு வழி.

சோதனை ஓட்டம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதே மேட்டில், அதே கியரில், அதே சுமையுடன் ஓட்டிப் பார்த்தால்தான் எது பலித்தது என்பது தெரியும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் ஓசை நின்றாலும் காரணம் பிடிபடாது. கோளாறு முழுதாகத் தீரும்வரை மேட்டில் முன்கூட்டியே கியரை இறக்க வேண்டும், ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது. ஓசை கேட்டதும் காலைத் தளர்த்தினால் அந்த நொடியே பிஸ்டன் காப்பாற்றப்படுகிறது. சரிசெய்த பிறகு டைமிங் அளவு, பிளக் எண், பாயிண்ட் இடைவெளி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த சர்வீஸில் எது நழுவியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.