நூற்றுக்கு இரண்டு வட்டி

2016இல் கிளிநொச்சியில் கோழி வளர்க்க 50,000 ரூபா நுண்கடன் எடுத்தேன். "மாதம் நூற்றுக்கு இரண்டுதான் அக்கா" என்றார் வந்த தம்பி. ஆண்டுக்கு 24 வீதம், வட்டி 12,000. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைக்குப் பிரித்தால், கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கையெழுத்து வைத்தேன். கோழிகள் செத்த கிழமைகளில் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

சகோதரிகளே, 26ஆவது கிழமையில் பாதிக் கடன் தீர்ந்திருந்தது. வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும்தான்! ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் என் கையில் நின்ற கடன் 25,000 ரூபா அளவே. அதற்கு 12,000 வட்டியென்றால் 40 வீதத்தையும் தாண்டுகிறது. மகளின் கணக்குக் கொப்பியில் போட்டுப் பார்த்தபோதுதான் இது விளங்கியது.

2018இல் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்தது. எனக்கு அது பிந்திவிட்டது. அடுத்த கடனை மாதர் சங்கத்தில் எடுத்தேன். "வட்டி முழுக்காசுக்கா, மிச்சக்காசுக்கா?" என்று முதலிலேயே கேட்டேன். மிச்சத்துக்குத்தானாம்.